பெயர் வெட்டிய தூக்குவாளிகள்

“ஒரு ராதிகா சாம்பார்! ரெண்டு ராதிகா ரசம்!”

மத்தியானம் அய்யனார் மெஸ்ஸில் இந்தக் குரல்தான் கேட்கும். கல்லாவில் உட்கார்ந்தபடியே அய்யனார் சமையற்கட்டைப் பார்த்துக் கத்துவார். உள்ளே இருப்பவர் பலகையிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துச் சாம்பாரை ஊற்றுவார். மூடியை அழுத்தி வெளியே நீட்டுவார். பார்சல் வாங்க வந்தவர் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவார். எங்கள் ஊரில் அந்தத் தூக்குவாளிக்குப் பெயர் ராதிகா.

ராதிகா என் மனைவி. அவள் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

தூக்குவாளியின் வயிற்றில் ‘ராதிகா – தமிழரசன்’ என்று வெட்டியிருக்கும். தமிழரசன் நான்தான். ஒரு தமிழரசன் சாம்பார் என்று யாரும் கேட்டதில்லை.

அவை எங்கள் கல்யாணத்துக்குச் செய்தவை. என் மாமனார் திருக்கோவிலூரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். ஒரே பெண். கல்யாணத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தாம்பூலத்தோடு ஒரு தூக்குவாளி கொடுக்க வேண்டுமென்று மூட்டை மூட்டையாகப் பெயர் வெட்டி வைத்துவிட்டார். அந்த வருடம் கொரோனா வந்தது. ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். மண்டபம் ரத்தானது. வீட்டு வாசலில் பந்தல் போட்டு, முகக்கவசத்தோடு தாலி கட்டினேன். மூட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. பெயர் வெட்டிய பாத்திரத்தைக் கடையில் வைத்து விற்க முடியாது, உருக்கத்தான் போட வேண்டும் என்றார் மாமனார். ராதிகா விடவில்லை. எல்லாவற்றையும் மினிலாரியில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துசேர்ந்தாள். பரண் நிறைந்தது.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற சாலையில் இருக்கும் சின்னப் பேரூராட்சி. மலைக்குப் போகிற பஸ் எல்லாம் இங்கே நிற்கும். ஜனங்கள் இறங்கி ஏதாவது கட்டி வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். சாம்பார், சட்னி, தயிர், இட்லி மாவு, எல்லாமே பிளாஸ்டிக் பையில் நூல் சுற்றித்தான் வரும். பைகள் ஏரி வாய்க்காலில் போய் அடைக்கும். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் கிடக்கும். நான் வேதியியல் படித்தவன். சின்னசேலம் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மாவுச்சத்துப் பரிசோதனை செய்கிறேன். கொதிக்கிற சாம்பாரை அந்தப் பையில் ஊற்றினால் என்னவெல்லாம் அதில் இறங்கும் என்று ஒருநாள் சாப்பிடும்போது அவளுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். அவள் கையைக் கழுவிவிட்டுப் பரண்மேல் ஏறினாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அய்யனார் மெஸ், டீக்கடைகள், மாவுக்கடை, தயிர் விற்கும் பெரியநாயகி என்று ஒவ்வொரு இடமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எந்தக் கடையில் வேண்டுமானாலும் தூக்குவாளியில் வாங்கலாம். எந்தக் கடையில் வேண்டுமானாலும் திருப்பிக் கொடுக்கலாம். சாயங்காலம் இருசப்பன் மூன்று சக்கர சைக்கிளில் சுற்றி வந்து சேகரிப்பார். வாரச்சந்தைக் கொட்டகையில் ராதிகாவின் சிநேகிதி கோகிலவாணியும் அவளுடைய குழுவைச் சேர்ந்த பெண்களும் வெந்நீரில் கழுவிக் கவிழ்ப்பார்கள். காலையில் மறுபடி கடைகளுக்குப் போகும்.

முன்பணம் கிடையாது. எழுதி வைப்பதும் கிடையாது. “எடுத்துகினு போனவங்க குடுக்கலன்னா?” என்று அய்யனார் கேட்டாராம். “அடுத்தவங்க கல்யாணப் பேரு போட்ட பாத்திரத்த எவ வூட்ல வெச்சிப் பொழங்குவா?” என்றாளாம் ராதிகா. அவள் சொன்னது சரியாக இருந்தது. எங்கள் பக்கத்தில் பாத்திரத்தில் பெயர் இருந்தால் அது அந்தப் பெயருக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதிலும் வெறும் பாத்திரமாகத் தர மாட்டார்கள். ஒரு பிடி வேர்க்கடலை, நாலு பச்சைமிளகாய், கொஞ்சம் புளி, முருங்கைக்கீரை, எதையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். கொட்டகையில் அந்தப் பெண்கள் காய்கறி வாங்குவதே குறைந்துவிட்டது.

ஊரில் பிளாஸ்டிக் பை அநேகமாக நின்றுபோனது. அப்புறம் ராதிகா போனாள். தியாகதுருகம் சாலையில் இருட்டில் நின்றிருந்த கரும்பு டிராக்டர். பின்னால் விளக்கு இல்லை. அவள் ஸ்கூட்டியில் வந்தாள். அவ்வளவுதான்.

நான் அழவில்லை. பத்தாம் நாள் வேலைக்குப் போனேன். சாப்பாடு அய்யனார் மெஸ்ஸில் எடுத்துக்கொண்டேன். அவர் “ஒரு ராதிகா சாம்பார்” என்று கத்தியபோதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கையை நீட்டினேன், வாங்கினேன். பல மாதங்கள் எதுவும் உறைக்கவில்லை. மரத்துப்போன காலில் முதலில் ஊசி குத்துவதுபோல வலி வரும். எனக்கு அப்படி முதலில் வந்தது பொறாமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில் மலைக்குப் போகிற ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் தூக்குவாளி. அவன் காலில் மாவுக்கட்டு. அவள் மூடியில் சோற்றைப் பிசைந்து அவனுக்குத் தந்தாள்.

“உப்பு கம்மி.”

“கம்மின்னா நீயே நொண்டிகினு போய் வாங்கிகினு வா.”

“நீ பேசற பேச்சுலயே உப்பு ஜாஸ்தியா இருக்குதுடி, அதத் தொட்டுகினு துன்றேன்.”

அவள் அவன் தோளில் குத்தினாள். அவன் தூக்குவாளியைச் சாய்த்து மிச்சத்தைக் குடித்தான். அவன் கட்டைவிரலின் கீழே எங்கள் இரண்டு பெயர்களும் இருந்தன. அவன் படிக்கக்கூட இல்லை. நான் அவர்களையே பார்த்தேன். உப்புக்குச் சண்டை போட ஒருத்தி இருந்தாள் அவனுக்கு. அது போதாதென்று என் கல்யாணப் பாத்திரமும் அவன் மடியில் இருந்தது.

அன்று என்னிடம் இருந்த தூக்குவாளியை நான் திருப்பித் தரவில்லை. கழுவித் துடைத்துப் பீரோவில் வைத்தேன். ராதிகாவின் புடவைகளை மாமியார் எடுத்துப்போயிருந்ததால் அதில் இடம் இருந்தது.

மறுநாளும் அப்படியே செய்தேன். அதற்கு மறுநாளும். பிறகு மெஸ்ஸில் வாங்குவது மட்டும் போதவில்லை. டீக்கடை வாசலில் திருப்பிப் போடுகிற கூடை இருக்கும். பஸ்ஸுக்குப் போகும்போது அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டு கேட்டில் இருசப்பனுக்காக மாட்டியிருந்ததை எடுத்தேன். அதற்குள் அவரைக்காய் இருந்தது. அதையும் பொரித்துத் தின்றேன். திருட்டு என்று தோன்றவில்லை. என் பெயரும் போட்டிருக்கிறதே.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். ஒன்றின் கைப்பிடியில் மஞ்சள். ஒன்றில் குழந்தையின் பல் பட்ட தடம். ஒன்றில் எத்தனை கழுவினாலும் போகாத கருவாட்டு வாசனை. ஊர் முழுக்க அவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறது. நான் நான்கு வருடம் காலை ஏழரை பஸ்ஸுக்குப் போய் ராத்திரி திரும்பியவன்.

அய்யனார் ஒருநாள் அந்தப் புண்ணில் இன்னும் கொஞ்சம் உப்பைப் போட்டார். மெஸ்ஸில் கூட்டம் இல்லை. எனக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, போண்டா ஒண்ணு வெக்கட்டா? சூடா இருக்குது.”

“வேணாங்க.”

“ராதிகா இருந்தா ரெண்டு கேக்கும். காலைல பதினோரு மணிக்கு டாண்ணு வந்துடும். நின்னுகினே துன்னுட்டு, எண்ணெய்க் கைய என் தூண்ல தொடச்சிட்டுப் போவும். இதோ பாரு.”

தூணைக் காட்டினார். சுண்ணாம்பில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது.

“எங்க வூட்டம்மா தெனம் திட்டும், வெள்ளையடின்னு. நான்தான் வுட்டு வெச்சிருக்கேன்” என்றார். “உனுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகிச்சி. எண்ணெய்ப் பண்டம் துன்னா நீ திட்டுவியாமே?”

நான் திட்டியதில்லை. போண்டா அவளுக்குப் பிடிக்கும் என்றே எனக்குத் தெரியாது. அய்யனாருக்கு ஐம்பத்தைந்து வயது, சர்க்கரை நோய், தொந்தி. அவரைப் பார்த்து என் வயிறு எரிந்தது. என்னிடம் சொல்லாத ஒன்றை அவரிடம் விட்டுப் போயிருக்கிறாள். அது அவர் தூணில் வேறு இருக்கிறது. வெளியே வரும்போது கூடையிலிருந்து இரண்டு தூக்குவாளிகளை எடுத்தேன்.

ஆடி போய் ஆவணி வந்தபோது பற்றாக்குறை தெரிய ஆரம்பித்தது. பெரியநாயகி தயிருக்குத் தூக்குவாளி இல்லை என்று வீட்டு வாசலில் நின்று கத்தினாள். மாவுக்கடைக்காரர் “சட்டி கொண்டாந்தா மாவு, இல்லன்னா போ” என்றார். வெளியூர் ஆள் சட்டிக்கு எங்கே போவான்? அவர் பிளாஸ்டிக் பையை வெளியே எடுத்தார். அவர் எடுத்த மறுநாள் டீக்கடைக்காரர் எடுத்தார். கோகிலவாணி கடை கடையாகப் போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

கடைசியில் அய்யனார் மெஸ்.

“தம்பி, இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்க” என்றார். அவர் முகம் சரியில்லை. “வேற எவனுக்குக் குடுத்தாலும் எனுக்குக் கஷ்டமில்ல. உனுக்குப் போயி இதுல குடுக்கறேன் பாரு.”

பையில் ஊற்றி, மேலே முறுக்கி, நூலைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக் கையில் கொடுத்தார். சாம்பார் தளும்பிக் கனத்தது. தெருவில் நான் நடந்தேன். விரலில் நூல் அறுத்தது. பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ராதிகாவின் புருஷன் பிளாஸ்டிக் பையில் சாம்பார் கொண்டுபோகிறான் என்று அவர்களுக்கு வெட்கம். கோகிலவாணி கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். என் கையைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். வீட்டில் பையைக் கத்தரித்தபோது பாதி சாம்பார் மேடையில் கொட்டியது. மீதியைப் பீரோவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அந்த வாரம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஊர்களைக் குப்பையில்லாத ஊர்களாக மாற்றுகிற ஏதோ ஒரு அமைப்பிலிருந்து சென்னைப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். பொங்கலுக்குள் எங்கள் ஊரை அப்படி அறிவித்துவிட வேண்டும் என்பது திட்டம். கோகிலவாணி என்னையும் வரச் சொல்லியிருந்தாள். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

அந்தப் பெண் சுவரில் படம் காட்டினாள். ஜப்பானில் ஒரு மலையூர். குப்பை வண்டியே கிடையாது. வீட்டுக்காரர்களே கழுவிக் காயவைத்து நாற்பத்தைந்து வகையாகப் பிரித்துக் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். ஒரு படத்தில் வயதான கிழவனும் கிழவியும் தொட்டியருகே நின்று பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார்கள். கிழவன் ஊற்ற, கிழவி தேய்க்கிறாள். எல்லோரும் பாட்டிலைப் பார்த்தார்கள். நான் கிழவனைப் பார்த்தேன். அவ்வளவு வயதுவரை ஒருவனுக்கு அது கிடைக்கிறது.

“நாப்பத்தஞ்சா?” என்றாள் பெரியநாயகி. “எங்க வூட்டுக்காரரு ரெண்டையே மாத்திப் போடறாரு.”

கூட்டம் சிரித்தது. அடுத்து ஜெர்மனியில் ஒரு நகரத்தின் காபிக் கோப்பையைக் காட்டினாள். ஒரு கடையில் வாங்கி இன்னொரு கடையில் திருப்பலாம்.

“உங்க தூக்குவாளி மாதிரியேதாங்க. ஒரே வித்தியாசம், அவங்க கோப்பைக்கு டெபாசிட் வாங்குறாங்க. திருப்பிக் குடுத்தா காசு திரும்பக் கிடைக்கும். நீங்களும் டெபாசிட் வெச்சா இப்படிக் காணாமப் போகாது.”

“அய்யோ, அது நம்ம ஊருக்கு ஆவாதும்மா” என்றார் அய்யனார். “காசு குட்டுட்டா தூக்கு என்னுதுன்னு வூட்ல வெச்சிக்குவாங்க. இப்ப ஓசியா குடுக்கறதாலதான் கூச்சப்பட்டுகினு கொண்டாந்து குடுக்கறாங்க.”

“அப்புறம் ஏன் வரல?”

யாரோ பின்னாலிருந்து, “மேல போற ஜனங்க எடுத்துகினு போயிடுது” என்றார்.

இருசப்பன் எழுந்தார். இடது கெண்டைக்காலில் துணி சுற்றியிருந்தது. “மேலயும் போயிட்டு வந்துட்டேன்யா. வெள்ளிமலை வரிக்கும். வூடு வூடா கேட்டேன். இருந்தவங்க அத்தினி பேரும் எடுத்துக் குட்டாங்க. சாமைய ரொப்பிக் குட்டாங்க. நாய்தான் கடிச்சிது, ஜனங்க ஒண்ணும் பண்ணல. கீழ இருக்கறவன்தான் எவனோ அமுக்கிகினு இருக்கறான்.”

“பழைய இரும்புக் கடைல கேட்டீங்களா?” என்றாள் சென்னைப் பெண்.

“கேட்டாச்சு. பேரு இருந்தா எவனும் எடுக்க மாட்டான்.”

“அதான் சொல்றேன். பேருதான் வினை” என்றார் அய்யனார். “ராதிகா ஞாபகமா இருக்கட்டும்னு எவனோ எடுத்து வெச்சிக்கறான். ரசிகர் மன்றம் கணக்கா. பேர அழிச்சிட்டா அது வெறுந்தூக்கு. யாருக்கு வேணும்?”

அவர் விளையாட்டாகச் சொன்னது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டுவிட்டது. கோகிலவாணி என் பக்கம் திரும்பினாள். கைகள் வெந்நீரில் ஊறிச் சிவந்திருந்தன.

“ண்ணா, நீங்கதான் சொல்லணும். உங்க பாத்திரம். கள்ளக்குறிச்சில பாலிஷ் பட்டறை இருக்குது. அழிச்சிடலாம்னா அழிச்சிடலாம். வேணாம்னா இப்பிடியே வுட்டுடலாம். ஆனா இப்பிடியே வுட்டா, பொங்கலுக்குள்ள ஒண்ணும் இருக்காது. அவ பண்ணதெல்லாம் போயிடும்.”

எனக்கு வேறு ஒரு கணக்கு ஓடியது. ஊரில் இருக்கிற எல்லாவற்றிலும் அழிந்துவிட்டால், அவள் பெயர் மிஞ்சுவது என் பீரோவில் மட்டும்தான். ஒரு பயல் அதன்மேல் கட்டைவிரலை வைக்க முடியாது.

“அழிச்சிடுங்க” என்றேன்.

கோகிலவாணி கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “சரிங்கண்ணா” என்றாள். வழக்கமாகச் ‘சரிண்ணா’ என்பவள் நடுவில் ஒரு ‘ங்க’வைச் சேர்த்துக்கொண்டாள். அப்படி அவள் என்னிடம் பேசியதில்லை.

சனிக்கிழமை இருசப்பனோடு நானும் ஷேர் ஆட்டோவில் போனேன். போக வேண்டிய அவசியம் இல்லை. அழிவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. கொட்டகையில் மிஞ்சியிருந்தவை மூன்றே சாக்குகளில் அடங்கிவிட்டன. வழியெல்லாம் அவை காலடியில் கலகலத்தன. இருசப்பன் காலை நீட்டி வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பட்டறை, நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மூக்கில் துணி கட்டிய ஒரு ஆள் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

“ராதிகா, தமிழரசன். டைவர்சா?”

“வாய மூடிகினு வேலயப் பாருயா” என்றார் இருசப்பன்.

“இல்லபா, இப்பல்லாம் இதுக்குத்தான் ஜாஸ்தி வராங்க. பொண்ணு வூட்ல பாத்திரத்தத் திருப்பி வாங்கிகினு நேரா இங்க வந்துடறாங்க. மாப்ள பேர மட்டும் எடுன்னுவாங்க. உங்குளுக்கு ரெண்டும் எடுக்கணுமா, ஒண்ணு போதுமா?”

“ரெண்டும்” என்றேன்.

சக்கரம் சுற்றியது. தூக்குவாளியைச் சாய்த்துப் பிடித்தார். முதலில் என் பெயர் போனது. வலதுபுறமிருந்து ஆரம்பித்தார். ‘ன்’ போனது, ‘ச’ போனது, எல்லாம் போனது. நான் ஒன்றும் நினைக்கவில்லை. அப்புறம் அவள் பெயருக்கு வந்தார். ‘கா’ மங்கியது. அந்த ஆள் அதை அழுத்தினார். மறுகையின் விரலால் தடவிப் பார்த்தார். இன்னும் தட்டுப்பட்டது போலும், இன்னொரு முறை அழுத்தினார். பிறகு மறுபடி விரலால் தடவினார்.

அவள் பெயரை அழிப்பவன் யார்? டைவர்சா என்று கேட்கிற ஒருவன். அவன் விரல் அதன்மேல் ஊர்கிறது. அழிப்பதற்கும் இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிட்டேன்.

“நிறுத்துங்க” என்றேன்.

சக்கரச் சத்தத்தில் கேட்கவில்லை. எழுந்து போய் அவர் கையிலிருந்து பிடுங்கினேன். சுட்டது. ‘ராதி’ மட்டும் மிச்சமிருந்தது.

“இன்னாபா, பைத்தியமா? கை போயிருக்கும்!”

இருசப்பன் என்னைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார். வேப்பமரத்தடியில் நின்றோம்.

“இன்னா சாரு? நீங்கதான அழின்னு சொன்னீங்க?”

“மிச்சதெல்லாம் எங்க வூட்ல இருக்கு” என்றேன். சாதாரணமாகத்தான் வந்தது. நேரம் கேட்டால் சொல்வதுபோல.

“எது?”

“காணாமப் போனது.”

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். “எத்தினி?”

“பீரோ நெறைய. கட்டிலுக்குக் கீழயும் இருக்கு.”

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அடப் பாவி மனுசா. வெள்ளிமலை வரிக்கும் போயி நாய்கிட்ட கடி வாங்கிகினு வந்தேன்யா. ஆஸ்பத்திரில ஊசி மேல ஊசி போடறான். நீ கூட்டத்துல முன்னாடி குந்திகினு கேட்டுகினு இருந்த.”

“ஆமா.”

“ஆமாவா?” என்றார். ஓங்கினார். அடிக்கவில்லை. கையை இறக்கித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இரு. கோகிலாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்பாது.”

சாக்குகளை அழிக்காமலே திருப்பிக் கொண்டுவந்தோம். நான் சொன்னதைக் கேட்டு அன்று சாயங்காலம் கோகிலவாணி என் வீட்டுக்கு வந்தாள். இருசப்பன் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். அவள் பீரோவைத் திறந்தாள். மேல் தட்டிலிருந்து இரண்டு தூக்குவாளிகள் சரிந்து தரையில் உருண்டன. உள்ளே அடுக்கடுக்காக, பெயர் தெரிகிற மாதிரி எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. அப்படித்தான் வைத்திருந்தேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு எடுத்துச் சாக்கில் போட ஆரம்பித்தாள். சத்தம் வீட்டை நிறைத்தது. பாதியில் நிறுத்தினாள்.

“உங்குளுக்கு மட்டுந்தான் போச்சா?”

உருண்டு கிடந்த இரண்டையும் நான் பொறுக்கினேன்.

“கேக்கறேன் இல்ல? உங்குளுக்கு மட்டுந்தான் செத்தாளா? காலைல ஏழரைக்குப் போனா ராத்திரி ஒம்போதுக்கு வருவீங்க. பகல் பூரா எங்கூட இருந்தா அவ. உங்ககூட இருந்தது கம்மி, எங்கூட இருந்ததுதான் ஜாஸ்தி. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எனுக்கு ஒண்ணு வேணும்னு நான் கேட்டனா?”

“தெரியும். அதான்” என்றேன்.

“இன்னா அதான்?”

“உங்கூடதான் ஜாஸ்தி இருந்தா. அய்யனாருக்குப் போண்டா தெரியும். எனக்குத் தெரியாது.” இவ்வளவு நீளமாக நான் பேசி மாதக்கணக்காகியிருந்தது. “எல்லார்கிட்டயும் இருக்கா. பாத்தா எரியுது.”

கோகிலவாணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தூக்குவாளி ஒன்று அவள் மடியில் இருந்தது.

“எனுக்கும்தான் எரிஞ்சிது” என்றாள். “சாயங்காலம் ஆச்சின்னா ஓடுவா. இருடி, இன்னும் நாலு கெடக்குது கழுவிட்டுப் போன்னா கேக்க மாட்டா. அவரு வந்துடுவாரு, நான் போயி சோறு வடிக்கணும்னு ஓடுவா. இன்னா பெரிய அவருன்னு நெனச்சிக்குவேன்.”

வெளியில் இருசப்பன் இருமினார். அவள் எழுந்து மறுபடி சாக்கை நிரப்பினாள். கட்டிலுக்கு அடியில் இருந்ததை நான் இழுத்துக் கொடுத்தேன். எல்லாம் முடிந்தபோது பீரோ காலியாக நின்றது. உள்ளே புளிக்குழம்பு வாசனை.

“கோகிலா, ஒண்ணு மட்டும் வெச்சிக்கிறேன்” என்றேன்.

“வேணாம்.”

“பட்டறைல பாதி அழிஞ்சது. அது உதவாதே?”

“ஏன் உதவாது? அதுல ரசம் நிக்காதா?” சாக்கின் வாயைக் கட்டினாள். “அய்யனார் கடைல சாம்பார் வாங்குங்க. ராத்திரி வெச்சிக்கங்க. மறுநாளு குட்டுடுங்க. ஊர்ல எல்லாருக்கும் அதான். உங்குளுக்கும் அதான்.”

நான் செய்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இருசப்பன் சைக்கிளில் கடைகளைச் சுற்றி வந்ததும் எப்படித் திடீரென்று இவ்வளவு வந்தது என்று எல்லோரும் கேட்டார்களாம். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது, எடுத்தாகிவிட்டது என்றாளாம். இருசப்பன் அவ்வளவு பெரிய மனசுக்காரர் இல்லை. அய்யனாரிடம் சொல்லிவிட்டார். அய்யனார் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நான்காம் நாள் நான் கேட்காமலேயே தட்டில் ஒரு போண்டா வைத்தார். தின்றேன். மிளகு அதிகம். எண்ணெய்க் கையை என்ன செய்வதென்று தெரியாமல் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன்.

பிளாஸ்டிக் பைகள் உடனே போய்விடவில்லை. மாவுக்கடைக்காரருக்குப் பழகிவிட்டது. கோகிலவாணி இன்னும் அவரோடு சண்டை போடுகிறாள். பொங்கலுக்குள் ஆகுமா என்று தெரியாது.

எனக்கும் பழையபடிதான் இருக்கிறது. பஸ் நிலையத்தில் யாராவது தூக்குவாளியோடு மலை பஸ் ஏறினால் பஸ் கண்ணுக்கு மறையும்வரை பார்க்கிறேன். அது எந்த வீட்டில் இறங்கும், அங்கே யார் மூடியைத் திறப்பார்கள் என்று யோசிக்கிறேன். வயிற்றில் அந்த ஊசி குத்துகிறது. எதுவுமே உறைக்காமல் இருந்ததற்கு அது மேல்.

நேற்று ஆலையிலிருந்து சாயங்காலமே வந்து வாசற்கதவைத் திறக்கிறேன், பின்னாலேயே சைக்கிள் மணி. இருசப்பன். கூடை காலியாக இருந்தது. தெருவில் வேறு எந்த வீட்டுக்கும் அவர் இன்னும் போகவில்லை.

“தூக்கு?” என்றார்.

“இப்பதாண்ணா வரேன். இன்னும் கழுவல.”

“கழுவறதுக்கு அங்க ஆளு இருக்குது. எடுத்துகினு வா.”

“மத்த வூட்டுக்கெல்லாம் போயிட்டு வாங்களேன். அதுக்குள்ள எடுத்து வெக்கிறேன்.”

“அந்த வேலையே வேணாம். கோகிலா சொல்லியாச்சு” என்றார் அவர். ஹேண்டில்பாரில் இரண்டு கைகளையும் ஊன்றி, எவ்வளவு நேரமானாலும் நிற்கத் தயாராக நின்றார். “மொதல்ல உங்க வூடு. அப்புறந்தான் ஊரு.”

உள்ளே போய் எடுத்துவந்தேன். வெறுமையாகக் கொடுக்க மனம் வரவில்லை. ஆலையிலிருந்து கொண்டுவந்த ஜவ்வரிசியில் ஒரு பிடி போட்டு மூடினேன். அவர் மூடியைத் திறந்து பார்த்தார், முகர்ந்தார், கூடையில் வைத்தார். சைக்கிள் அடுத்த வீட்டுக்குப் போனது.